ஒற்றை மணி

யுத்த காலத்தில் ஆவடி ராணுவ முகாமில் டெலிபோன் பழுது பார்ப்பது என் வேலை. மார்கழி பிறந்தால் எனக்கு ஏழரை நாட்டுச் சனி. துப்பாக்கிப் பயிற்சித் திடலின் மறுகோடியில், பருத்திப்பட்டு ஏரிப் பக்கமாக, வெட்டவெளியில் ஒரு காவல் கொட்டகை இருந்தது. அங்கிருந்த டெலிபோன் பனியில் ஊமையாகிவிடும். பேட்டரியைக் கம்பளிக்குள் சுற்றிச் சூடேற்றினேன். பேசுகுழலுக்குள் ஈரத்தில் கட்டிக்கொள்ளும் கரித்தூளைத் தட்டித் தட்டி உதிர்த்தேன். வெயில் ஏறினால் பேசும், விடியலில் பேசாது.

மணி மட்டும் அடித்தது. ஆகவே, திடலில் ஆள் இல்லையென்றால் காவல்காரர் கைப்பிடியைச் சுற்றி, சிப்பாய்கள் சுடும் கோடியில் என்னிடம் இருந்த டெலிபோனில் மணியடிப்பார், அதன்பிறகே சுடுவது என்று ஏற்பாடு.

"மூணு தபா அடிக்கிறேன் நைனா. ஒரு தபா கூப்புட்டா அது பேய்" என்றார் அவர். நான் சிரித்தேன். சேக்காட்டிலிருந்து அவர் மனைவி தினமும் அந்தத் திடலின் குறுக்காகத்தான் கஞ்சி கொண்டுவருவாள். அவள் வந்து சேர்ந்த பிறகே மணி வரும்.

ஒருநாள் ஏரியிலிருந்து கிளம்பிய பனி திடலின் பின்பாதியை விழுங்கியிருந்தது. குறிப்பலகைகள் தெரிந்தன, அவற்றுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. சிப்பாய்கள் துப்பாக்கியோடு படுத்துக் காத்திருந்தார்கள்.

மணி அடித்தது, ஒரே ஒரு முறை. யாரோ நகத்தால் சுண்டியதுபோல. எடுத்துக் காதில் வைத்தேன். மூச்சுச் சத்தம்கூட இல்லை. குழலைப் பட்டென்று கீழே வைத்தேன்.

"அதுதான் அடித்துவிட்டதே" என்றார் வெள்ளைக்கார அதிகாரி.

"இது அவர் இல்லை, சார்."

பின்னே யார் என்று அவர் அதட்டினார். பேய் என்றா சொல்வது? வேலை போனால் மயிரே போச்சென்று திடலுக்குள் இறங்கி நடந்தேன். நான் உள்ளே இருக்கும்வரை சுடமாட்டார்கள் அல்லவா!

கொட்டகையில் காவல்காரர் டெலிபோனுக்கு எட்டப்போய்ச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

"நீ அடிச்சியா நைனா?"

"இல்லையே, அண்ணாத்தே. நீங்க?"

"நான் இன்னாத்துக்கு அடிக்கிறேன்? அவ இன்னும் வரலியே. இங்கயும் ஒரு தபா அடிச்சுது. நான் தொடல."

வெளியே கம்பியைத் தொடர்ந்து பார்த்தேன். நனைந்த மரக்கிளை ஒன்றில் எங்கள் கம்பியும் முகாமின் வேறொரு கம்பியும் உரசிக்கொண்டிருந்தன. யாரோ யாரையோ கூப்பிட்டது இங்கே கசிந்திருக்கும். காரணம் தெரிந்தும் பயம் போகவில்லை.

அப்போதுதான் குறிப்பலகைகளுக்கு நேர் பின்னால் பனிக்குள் ஒரு தலை அசைந்தது. தலைமேல் பானை. வழி தெரியாமல் அவள் இவ்வளவு நேரமும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

காவல்காரர் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்.

"இன்னாயா இது," என்றாள் அவள், "கஞ்சி கொஞ்சம் நேரமானதுக்கா அழுவுற?"