துலாவும் நூற்று அறுபத்து மூன்று விமானங்களும்

1944ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 8ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி நாற்பத்தொரு நிமிடம். இது யுத்தத்துக்காக ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைத்திருந்த நேரம். சூரியனைக் கேட்டால் ஆறு நாற்பத்தொன்று என்றுதான் சொல்லும். வாடைக்காற்று மெல்லியதாக இருந்தது. புகையிலை இலைகளில் பனி காயவில்லை. மேற்கே மூன்று துண்டு முகில், மற்றப்படி வானம் தெளிவு.

அந்த நேரம் எங்கள் தோட்டக் கிணற்றில் இறைப்பு நடந்துகொண்டிருந்தது. என் மனைவியின் தம்பி, ஏற்ற மரமான துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதித்துக்கொண்டிருந்தான். அவன் முன்னே நடந்தால் துலாவின் நுனி தாழ்ந்து பனையோலைப் பட்டை கிணற்றுக்குள் இறங்கும்; பின்னே நடந்தால் நுனி உயர்ந்து பட்டை மேலே வரும். கூலிக்காரர் ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைக் கவிழ்த்தார். நான் வாய்க்காலடியில் நின்று பட்டைகளை எண்ணினேன். இருநூற்றுப் பதினெட்டாவது பட்டை மேலே வரும்போது, தென்மேற்குப் பக்கமாக ஒரு விமானம் வந்தது. இரட்டை எஞ்சின், சாமான் ஏற்றும் வகை. இறங்குவதற்காகச் சக்கரங்களைக் கீழே விட்டிருந்தது. சக்கரத்தில் ஒட்டியிருந்த செம்மண் என் கண்ணுக்குத் தெரிந்தது.

மைத்துனன் துலாவில் குப்புறப் படுத்து அதைக் கட்டிக்கொண்டான். பட்டை திரும்பக் கிணற்றுக்குள் விழுந்து, கிணற்றுக்கட்டில் அடிபட்டுக் கிழிந்தது. விமானம் போனபின் அவன் தலையைத் தூக்கினான்.

"அத்தான், உவன் என்ரை தலைமயிரையெல்லோ சிரைச்சுக்கொண்டு போறான்."

"எத்தினை அடி உயரத்திலை போயிருக்கும்?"

"நான் அடிக்கோலோடையே இஞ்சை படுத்துக் கிடக்கிறன்?"

எங்கள் ஊருக்கு வடகிழக்கே விமானத்தளம் கட்டியபின் ஊரிலே எல்லோரும் வானத்தைப் பார்க்கப் பழகியிருந்தார்கள். எனக்கு அந்தப் பழக்கம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட. மலாயா ரெயில்வேயில் முப்பது ஆண்டு குமாஸ்தாவாக இருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பெட்டி, எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதிய கை சும்மா இருக்காது. ஒற்றை எஞ்சின் சண்டை விமானத்தையும் நான்கு எஞ்சின் குண்டு விமானத்தையும், கடலில் இறங்கும் தோணி வயிற்று விமானத்தையும், பார்க்காமலே சத்தத்தால் பிரித்துச் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வெள்ளிக்கிழமை, 11ஆம் திகதி, கிராமத் தலைமைக்காரரான விதானையார் ஒரு கடதாசியோடு வந்தார். விமானம் இறங்கும் பாதைக்கு அண்டிய காணிகளில் இருபதடிக்கு மேற்பட்ட எதுவும் நிற்கக்கூடாது. எங்கள் காணியில் மூன்று பனை, ஒரு துலா. மார்ச் 3ஆம் திகதிக்குள் இறக்கவேண்டும். இறக்காவிட்டால் அவர்களே வெட்டுவார்கள்.

"பனையைத் தறியுங்கோ. துலாவை என்னெண்டு இறக்கிறது?" என்று கேட்டேன். "நுனி எழும்பினால் முப்பத்தொரு அடி. தண்ணி கிடக்கிறது இருபத்துநாலடி ஆழத்திலை. துலாவைக் கட்டையாக்கினால் பட்டை தண்ணியைத் தொடாது."

"பென்சனியர், எனக்கு உது விளங்குது. கடதாசிக்கு விளங்குதில்லையே."

"பனைக்கு நட்டஈடு எண்டு போட்டிருக்கு. துலாவுக்கு?"

அவர் கடதாசியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "துலா எண்ட சொல்லே இதிலை இல்லை. 'மரமும் கம்பமும்' எண்டுதான் கிடக்கு. உங்கடை துலா கம்பமாக்கும்."

என் நிலை இதுதான். தோட்டத்தில் மூவாயிரத்து அறுநூறு புகையிலைக் கன்று நின்றது. பங்குனி நடுவில் வெட்டவேண்டும். அதற்குள் குறைந்தது ஆறு இறைப்பு வேண்டும். மலாயா யப்பான்காரர் கைக்குப் போனபின் என் பென்சன் காசு வரும் என்றும் இல்லை, வராது என்றும் இல்லை. வருடம் முழுவதும் நானும் மனைவியும் சாப்பிடுவது அந்தப் புகையிலையில்தான். கையால் கயிறு பிடித்து இழுத்து மூவாயிரத்து அறுநூறு கன்றுக்குத் தண்ணீர் விட முடியாது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடியாது என்றே மூன்று முறையும் வந்தது.

எனக்குத் தோன்றிய வழி ஒன்றுதான். விமானங்கள் என் கிணற்றுக்கு மேலாக வருவதில்லை. கிணற்றுக்குக் கிழக்கே, ஏறக்குறைய அறுநூறு அடி தள்ளி, கோயில் கேணிக்கு மேலாகவே இறங்குகின்றன. அன்று வந்தது வழி தவறி வந்த ஒன்று. இதை வெறும் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? எண்ணிக்கையோடு சொன்னால் நம்புவார்கள். நான் வேலை செய்த இடத்தில் அப்படித்தான் நடந்தது.

மறுநாள் கடையில் முப்பத்தைந்து சதத்துக்கு ஒரு கொப்பி வாங்கினேன். 12ஆம் திகதி முதல் 25ஆம் திகதி வரை, பதினான்கு நாள், விடிந்தது முதல் பொழுதுபடும் வரை பூவரச மரத்தடியில் கதிரை போட்டு இருந்தேன். நேரம், எஞ்சின் எத்தனை, வந்த திசை, போன திசை, பனை அளவில் உயரம், என் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி என்று ஆறு நிரல். சோறும் அங்கேதான் வந்தது.

"இஞ்சாருங்கோ, அண்ணாந்து அண்ணாந்து கழுத்து அப்பிடியே நிண்டுபோகப் போகுது" என்பாள் மனைவி.

மைத்துனன் துலாவில் நின்றபடி கேட்பான்: "அத்தான், இப்ப போனது கூட்ஸ் வண்டியோ, மெயில் வண்டியோ? பச்சைக்கொடி காட்டினீங்களோ?"

"உன்ரை வாயை மூடிக்கொண்டு மிதி. நீ மிதிக்கிறதுக்குத்தான் இந்தப் பாடு."

பதினான்கு நாளில் நூற்று அறுபத்து மூன்று விமானம். ஒற்றை எஞ்சின் தொண்ணூற்றேழு, இரட்டை ஐம்பத்தெட்டு, நான்கு எஞ்சின் எட்டு. என் கிணற்றுக்கு நேர் மேலாகப் போனது ஐந்தே ஐந்து. அவையும் இரண்டு பனை உயரத்துக்குக் கீழே வரவில்லை. இவ்வளவையும் ஆங்கிலத்தில் ஒரு மனுவாக எழுதி, அட்டவணையை அழகாகப் பிரதி செய்து இணைத்து, விமானத்தளத்து அதிகாரிக்கு ஒன்றும் அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு ஒன்றுமாக 26ஆம் திகதி பதிவுத் தபாலில் போட்டேன். அன்றிரவு நன்றாக நித்திரை வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மார்ச் 1ஆம் திகதி புதன்கிழமை, பத்தேகால் மணிக்கு ஒரு ஜீப் வந்தது. இளம் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரும் எங்கள் ஆளான பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஒருவருமாக இறங்கினார்கள். அளந்து பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எண்ணி, கிணற்றடிக்கு வழி காட்டினேன். அவர்கள் கிணற்றைப் பார்க்கவில்லை.

"இதை எழுதினது நீரோ?" என்று என் அட்டவணையை நீட்டினார் இன்ஸ்பெக்டர்.

"ஓம் ஐயா. மூலக் கொப்பியும் இருக்கு." நானே ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன்.

"இப்பிடி எண்ணச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ரெயில்வேயிலை முப்பது வருசம் எழுதின பழக்கம்."

"எந்த ரெயில்வே?"

"மலாயா."

"மலாயா இப்ப ஆரின்ரை கையிலை?"

 துலாவில் நின்ற மைத்துனன் மிதிப்பதை நிறுத்தினான்.

வெள்ளைக்கார அதிகாரி கொப்பியின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். 19ஆம் திகதிப் பக்கத்தில் விரலை வைத்து என்னிடம் நேராக ஆங்கிலத்தில் கேட்டார். காலையில் வடக்கே போனது ஒன்பது என்றும், பின்னேரம் திரும்பியது எட்டு என்றும் எழுதியிருக்கிறீரே, இது என்ன?

"ஒன்று குறைகிறது ஐயா. இருட்டியபின் வந்திருக்கலாம் என்று ஓரத்தில் குறிப்பு எழுதியிருக்கிறேன்."

 அவர் கொப்பியை மூடிக்கொண்டு ஜீப்பில் போய் ஏறி, வேறு பக்கம் பார்த்து இருந்தார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுக்கு மேல் இராது. அந்த ஒன்று எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் குறிப்பை எழுதும்போது அந்த விமானத்துக்குள் ஒரு ஆள் இருந்திருப்பான் என்று நான் நினைக்கவில்லை.

பொலிஸ் நிலையத்தில் என்னை மூன்று நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை, ஏசவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டார்கள்: கொப்பியின் மற்றப் பிரதிகள் எங்கே? கச்சேரிக்கு ஒன்று என்று நான் சொன்னேன். கச்சேரியிலும் ஆள் விட்டுத் தேடினார்கள். துலாவைப் பற்றி நான் வாய் திறக்கும்போதெல்லாம், அது வேறு பகுதியின் வேலை என்றார்கள்.

"ஐயா, நாளைக்கு மூண்டாந் திகதி. துலாவை வெட்டிப்போடுவினம். ஒரு வரி எழுதித் தாருங்கோ, புகையிலை வெட்டுமட்டும் பொறுக்கச் சொல்லி."

"பெரியவர்," என்றார் இன்ஸ்பெக்டர், "நீர் எழுதினதெல்லாம் சரியாய்க் கிடக்குதாம். அவையின்ரை கணக்கோடை ஒத்துப் பார்த்தவை. ஒரு பிளேன் கூடப் பிழை இல்லையாம். கொஞ்சம் பிழைபிழையாய் எழுதியிருந்தால் விசரன் எண்டு சொல்லி அண்டைக்கே விட்டிருப்பினம்."

மூன்றாந் திகதி நடந்ததை மனைவி சொல்லித்தான் அறிந்தேன். விதானையார் ஆறு பேரோடு வந்திருக்கிறார். இவர் வரும்வரை பொறுங்கள் என்று இவள் கேட்டிருக்கிறாள். "அக்கா, நான் பொறுத்தால் நாளைக்கு நானும் அவருக்குப் பக்கத்திலைதான் இருக்கோணும்" என்றாராம். துலாவை இறக்கி வைத்தால் திரும்ப ஏற்றிவிடுவோம் என்று நினைத்தார்களோ என்னவோ, மரம் அரியும் வாளால் நடுவே அறுத்து இரண்டாக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

நாலாந் திகதி காலையில் என்னை விட்டார்கள். முப்பது நாளுக்கு ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்கு நிலையத்தில் வந்து கையெழுத்து வைக்கவேண்டும். வெளியில் நின்று வானத்தைப் பார்க்கக்கூடாது. எதையும் எண்ணி எழுதக்கூடாது. வீட்டிலிருந்து நிலையம் நான்கு மைல். பெற்றோல் தட்டுப்பாட்டில் பஸ் வருவது நிச்சயமில்லை, பெரும்பாலும் நடந்தேன். தலைக்கு மேலே விமானம் போகும்போது குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். காதை மூடும்படி யாரும் சொல்லவில்லை. எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை.

வீட்டில் மைத்துனனும் இரண்டு கூலிக்காரரும் கிணற்றில் கப்பி கட்டி, கையால் கயிறு இழுத்தார்கள். துலாவில் இருநூறு பட்டை வரும் நேரத்துக்குக் கையால் அறுபது வாளி வந்தது. முதல் நாலு நாள் எல்லாக் கன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டார்கள். அது எல்லாவற்றையும் வாட்டியது. நான் நிலையத்திலிருந்து திரும்பி வந்து, கிணற்றுக்குக் கிட்டிய வரிசைகளுக்கு மட்டும் விடச் சொன்னேன். எந்த வரிசையோடு நிறுத்துவது என்று மைத்துனன் கேட்டான். நான் எண்ணிக்கொண்டு போய் எழுநூற்று நாற்பதாவது கன்றில் நின்று, மண்வெட்டியால் ஒரு கோடு இழுத்தேன். அதற்கு அப்பால் நின்றவை கீழிலையிலிருந்து மேலாக மஞ்சளாகி, பத்து நாளில் கையால் தொட்டால் நொறுங்கும் பதத்துக்கு வந்தன.

"அத்தான், அங்காலை பாராதேங்கோ" என்றான். துலாவின்மேல் நின்று என்னைக் கேலி செய்தவன், அந்த மாதம் முழுவதும் ஒரு பகிடியும் விடவில்லை.

பங்குனியில் எழுநூற்று நாற்பதை வெட்டினோம். இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபது போயிற்று. அந்த ஆண்டு விலைக்குக் கன்று இருபத்திரண்டு சதம். கை இறைப்புக்குக் கூலி நாற்பத்தெட்டு ரூபாய். யுத்தம் முடிந்து திரும்பவும் துலா போட அனுமதி வந்தபோது, புது மரத்துக்கும் ஆசாரிக்கும் எண்பத்தாறு ரூபாய் ஐம்பது சதம். கொப்பி திரும்பி வரவில்லை. அது முப்பத்தைந்து சதம். மூன்று பனைக்கு நட்டஈடாகத் தந்த ஒன்பது ரூபாயைக் கழித்தால், மொத்தம் எழுநூற்று ஐம்பத்தைந்து ரூபாய் ஐந்து சதம்.