ஓரத்தில் ஒரு கை

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் அந்தத் தெருவில் முத்துமாரியம்மாள் வீடு எது என்று கேட்டால், "சினிமாவுல வந்த பொம்பள வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஐம்பதைத் தாண்டிய பிறகும் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னிக்கொண்டிருக்கும் அவள் சினிமாவில் வந்தது, இரண்டு மூச்சு விடும் நேரம்தான்.

பல வருஷத்துக்கு முன்னால் ஆனைக்குட்டம் அணைக்கரையில் ஒரு படத்துக்குத் திருவிழாப் பாட்டு எடுத்தார்கள். பொங்கல் பானைகளுக்கு முன்னால் உட்கார உள்ளூர்ப் பெண்கள் வேண்டும் என்றதும், கம்பெனி வேனிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். முத்துமாரியம்மாளும் போனாள், அவள் புருஷன் முனியசாமியின் தங்கை அய்யம்மாளும் போனாள். கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டவள் அய்யம்மாள். மதினியும் நாத்தனாரும் ஒரே ரூமில் எதிரெதிரே உட்கார்ந்து சரம் பின்னுகிறவர்கள். படப்பிடிப்பிலும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். அய்யம்மாள்தான் வரிசையில் கடைசி.

"யாரும் கேமராவப் பாக்கக் கூடாது. பாத்தா மறுபடி எடுக்கணும்" என்று ஒருவர் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு பெண் பார்த்துவிட்டாள். மறுபடி எடுத்தார்கள். அதற்கப்புறம் அய்யம்மாள் பயந்துபோய், சாப்பாட்டு இடைவேளையில்கூட கேமரா இருக்கும் பக்கம் திரும்பவில்லை.

படம் வந்து ஓடிப் போனது. முனியசாமி சிவகாசிக்குப் போய் அதன் ஒரிஜினல் டிவிடியை வாங்கி வந்தார். தெருவே கூடிப் பார்த்தது. கதாநாயகி ஓடிவந்து நிற்பாள். அவளுக்குப் பின்னால், இடது கோடியில், பச்சைச் சேலையில் முத்துமாரியம்மாள். அவளை அடுத்து மஞ்சள் சேலையில் அய்யம்மாள். அய்யம்மாள் குனிந்து மதினியின் பானைக்கு அடியில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு ஏதோ சொல்வாள். முத்துமாரியம்மாள் அவள் பக்கம் திரும்பிச் சிரிப்பாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு வைகாசியில், கம்பெனியில் பக்கத்து ரூம் வெடித்தது. அய்யம்மாள் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பேச்சு மாறிவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஊர் பேர் கேட்டால் சொல்லத் தெரியாது. முனியசாமி அவளை விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் கூட்டம். அவளைப் பெண்கள் பக்கம் உட்காரவைத்துவிட்டு அவர் பின்னால் நின்றிருந்தார். சிவகாசியில் இறங்கிப் பார்த்தால் ஆளைக் காணோம். ஆமத்தூரில் மஞ்சள் பையோடு ஒரு பெண் இறங்கியதாகக் கண்டக்டர் சொன்னார்.

போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கேட்டார்கள். அய்யம்மாளுக்கு என்று ஒரு போட்டோவும் எடுத்ததில்லை. டிவியில் அந்தப் பாட்டை நிறுத்திவைத்து, ஸ்டுடியோக்காரரைக் கூட்டிவந்து திரையைப் படம் எடுத்துக் கொடுத்தார்கள்.

ஏட்டய்யா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பக்கவாட்டு மூஞ்சிதானம்மா தெரியுது. நேரா தெரியுற மாதிரி ஒண்ணு கொண்டாங்க."

வீட்டுக்கு வந்து டிஸ்க்கை எத்தனையோ தடவை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அய்யம்மாள் ஒரு தடவையும் நேரே பார்க்கவில்லை. முனியசாமி திருவிழாக் கூட்டங்களில் எல்லாம் தங்கையைத் தேடி அலைந்து, ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். டிவிடி பிளேயரும் அதே காலத்தில் கெட்டுப்போனது. டிஸ்க் டிரங்குப் பெட்டிக்குள் போனது.

மகன் புகழேந்தி சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் முடித்து, பெரிய டிவி ஒன்று வாங்கினான். போன தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி லீவு விட்டிருந்த நேரம். மருமகள் எழில், மாமியார் நடித்த படத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். மாதச் சந்தா கட்டினால் வீட்டிலேயே பார்க்கலாம், டிஸ்க் எதற்கு, பிளேயர் எதற்கு என்றாள். படம் திரையை நிறைத்துக்கொண்டு பளிச்சென்று வந்தது. அணைக்கரை வந்தது. கதாநாயகி ஓடிவந்து நின்றாள்.

"அத்தே, நீங்க யாரு கூட பேசுறீக?" என்றாள் எழில்.

முத்துமாரியம்மாள் திரையைப் பார்த்தாள். பச்சைச் சேலையில் அவள் மட்டும் கடைசியாக உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் திரும்பிச் சிரித்தாள். அங்கே ஆள் இல்லை. திரை அதோடு முடிந்துவிட்டது. பிறகு அந்த ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் உள்ளே வந்தது. பானைக்கு அடியில் விறகைத் தள்ளியது. வெளியே போய்விட்டது.

"திருப்பிப் போடு தாயி."

எழில் திருப்பிப் போட்டாள். கை வந்தது, தள்ளியது, போனது.

முத்துமாரியம்மாள் தெருவில் கேட்டுப் பார்த்தாள். அன்றைக்குக் கூடவே வேனில் வந்தவர்களும் யோசித்தார்கள். "அய்யம்மா அன்னைக்கு வந்தாளா என்ன?" என்றாள் ஒருத்தி. "வந்திருந்தா படத்துல தெரிஞ்சிருப்பாள்ல" என்றாள் இன்னொருத்தி. நாள் போகப் போக முத்துமாரியம்மாளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சரம் பின்னும்போது எதிரே இருக்கும் இடத்தைப் பார்ப்பாள். அங்கே இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அய்யம்மாளின் முகத்தை மனசுக்குள் கொண்டுவரப் பார்த்தால், கைதான் முதலில் வந்தது.

மாசியில் அவளே டிரங்குப் பெட்டியைத் திறந்து டிஸ்க்கை எடுத்து மகனிடம் கொடுத்தாள். "இதப் போட்டுக் காட்டு."

புகழேந்தி கடை கடையாகக் கேட்டு, டிவி ரிப்பேர் கடை ஒன்றில் பழைய பிளேயர் பிடித்து வந்தான். அதற்குள் பங்குனி பிறந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டார்கள். படம் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு வந்தது.

"அப்ப இப்படித்தாம்மா, முழுப் படமும் தெரியணும்னு பட்டை விடுவாங்க. இப்ப டிவி நெறையணும்னு பெருசாக்கி, ரெண்டு ஓரத்தையும் வெட்டிட்டாங்க" என்றான் மகன். "அய்யம்மா அத்தை எங்கயும் போகல. அந்த ஓரத்துலதான் இருப்பாக."

இருந்தாள். மஞ்சள் சேலையில், வரிசையின் கடைசியில் அய்யம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் பானையைப் பார்க்கவில்லை, மதினியையும் பார்க்கவில்லை. நேராக, திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்த இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் தானாக நீண்டு விறகைத் தள்ளியது. உதடு அசைந்தது. பக்கத்தில் முத்துமாரியம்மாள் தன்னைப் பார்க்காத ஒருத்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

புகழேந்தி நிறுத்தினான். மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினான். காட்சி தொடங்கியதிலிருந்து முடியும்வரை அய்யம்மாளின் பார்வை மாறவில்லை.

"போலீசுக்குக் குடுத்தது பக்கவாட்டுப் படம்தான?" என்றான்.

"ஆமா."

"கேமராவப் பாத்தா மறுபடி எடுப்பாகன்னு சொன்னீகளே, அத்தே" என்றாள் எழில். எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டாள்.

முத்துமாரியம்மாளுக்குப் பயம் வரவில்லை. மருமகளைக் கூப்பிட்டாள். "ஏ எழிலு, இங்கன வா. நேர் மூஞ்சி வேணும்னுதான அன்னைக்குக் கேட்டாக. இதப் போட்டோ எடு."

எழில் போனில் எடுத்தாள். புகழேந்தி அச்சகத்தில் வைத்துக் 'காணவில்லை' என்று ஒரு நோட்டீஸ் தயார் செய்து, ஸ்டேஷனில் ஒன்று கொடுத்து, வாட்ஸப்பில் தெரிந்த குரூப்புக்கெல்லாம் அனுப்பினான்.

சித்திரையில் போன் வந்தது. கோவில்பட்டிக்குத் தெற்கே ஆதரவற்ற பெண்களுக்கான காப்பகம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் கற்பகவல்லி என்ற அம்மா பேசினார். நோட்டீஸில் இருப்பவரைத் தெரியும், நேரில் வாருங்கள் என்றார். மூன்று பேரும் கிளம்பிப் போனார்கள்.

கற்பகவல்லி அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "நீங்க தேடுறவுக இங்கனதான் ரொம்ப வருசமா இருந்தாக. பேரும் சொல்லல, ஊரும் சொல்லல. சினிமாக்காரின்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஒரு படத்தோட பேரச் சொல்லி, அதுல நானும் எங்க மதினியும் வாரோம்னு சொல்லிக்கிட்டே இருப்பாக."

"போட்டுப் பாத்தீகளா?" என்றாள் முத்துமாரியம்மாள்.

"போட்டுப் பாத்தோம்மா. ஹால்ல புது டிவி வந்தப்ப, இண்டர்நெட்டுல அந்தப் படத்த எடுத்துப் போட்டோம். பச்சச் சேலைல ஒங்களக் காமிச்சு, இதுதான் எங்க மதினின்னாக. நீ எங்கன்னு கேட்டோம். ஒரு கை வரும் பாருங்க, அது என் கைதான்னாக. இருந்தவுக எல்லாம் சிரிச்சிட்டாக. கை யாருக்குத்தான் இல்ல? அதுக்குப் பொறகு அவுக வாயே தொறக்கல."

"இப்ப எங்க?"

"தவறிட்டாகம்மா. பங்குனியில, ஒரு ஞாயித்துக்கெழம மதியம். சாப்பிட்டுட்டு ஹால்ல உக்காந்திருந்தாக. கண்ணு மூடல. ஓடாத டிவிய நேரா பாத்தபடியே இருந்தாக. முதல்ல எங்களுக்கு வெளங்கல. உறங்குறாக போலன்னு நெனச்சோம்."

எழில் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். முத்துமாரியம்மாள் எழுந்து போய் அந்த ஹாலைப் பார்த்தாள். அடக்கம் செய்த இடத்துக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள்.

அடுத்த ஞாயிறு அவள் மறுபடி கிளம்பினாள். டிஸ்க்கைச் சேலைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டாள். புகழேந்தி பிளேயரைத் தூக்கிக்கொண்டான். எழிலும் கூட வந்தாள்.

"இன்னும் எதுக்கும்மா?" என்று கேட்டான்.

"அவ பொய் சொல்லலன்னு அங்க இருக்கவுகளுக்குத் தெரியட்டும்."

காப்பகத்து ஹாலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். பிளேயரை மாட்டினார்கள். கறுப்புப் பட்டைகளோடு அணைக்கரை வந்தது. கதாநாயகி ஓடிவந்து நின்றாள். இடது கோடியில் அய்யம்மாள் குனிந்து, விறகைத் தள்ளி, மதினியின் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னாள். பக்கவாட்டு முகம். சிரித்த முகம். கேமராவை அவள் பார்க்கவே இல்லை.

புகழேந்தி திரும்ப ஓடவிட்டான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். நேராகப் பார்த்த அந்த முகம் எங்கேயும் இல்லை. எழில் தன் போனைத் திறந்து பார்த்தாள். அதில் இருந்தது. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

முன் வரிசையில் இருந்த ஒரு பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அவதான். அந்தக் கை அவளுதுதான்" என்றாள். பிறகு முத்துமாரியம்மாளைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "என்னமோ சொல்றாளே, என்ன சொன்னா அப்ப?"

பாட்டுச் சத்தத்தில் அந்தப் பேச்சு டிஸ்க்கிலும் கேட்காது, இண்டர்நெட்டில் வரும் படத்திலும் கேட்காது. முத்துமாரியம்மாளுக்கு அது ஞாபகம் இருந்தது.

"பானைக்குள்ள அரிசி கெடையாது, வெறுந்தண்ணி. 'மதினி, இந்தத் தண்ணியப் பொங்கவைக்கவா நம்மள வேன் வச்சுக் கூட்டியாந்தாக?'ன்னா. அதுக்குத்தான் சிரிச்சேன்."

ஹாலில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். இன்னொரு தரம் போடச் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை போட்டார்கள்.

திரும்பி வரும்போது எழில் மெதுவாகக் கேட்டாள். "போன்ல இருக்கத அழிச்சிரவா, அத்தே?"

முத்துமாரியம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "இருக்கட்டும். அவளாத் திரும்பிக் குடுத்த படம் அது."

எழில் அதை அழிக்கவில்லை. அதற்கப்புறம் அதைத் திறந்து பார்க்கவும் இல்லை.