காமாட்சி பெயர் கரும்பலகைக்கு வந்த நாள்

ரப்பர் பால் விரலில் காய்ந்தால் ஒரு புளிப்பு வாடை வரும். சோப்பு போட்டாலும் போகாது... நகத்தால் சுரண்டி உருட்டி எறிந்தாலும், சோற்றில் கை வைக்கும்போது மறுபடி மூக்கில் வந்து நிற்கும்.

இன்று காலையிலிருந்து அதே வாடை. தங்கா பத்துவில், கடற்காற்று அடிக்கிற என் வீட்டில், ரப்பர் பாலுக்கு எங்கே போவது? மூன்று முறை கை கழுவிவிட்டேன். காப்பி ஆறிக் கிடக்கிறது. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடக்கிறேன்.

"ஏம்மா கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு சுத்துறீங்க? லீவுதானே, உட்காருங்க லா," என்கிறாள் மகள்.

எப்படி உட்காருவது? போனைத் திறந்தால் எங்கள் நாட்டுச் சுதந்திர தின வாழ்த்து. அதற்குக் கீழேயே, 'இன்று காமாட்சியின் பிறந்தநாள்'.

ஆகஸ்டு முப்பத்தொன்று... வருடா வருடம் இந்த நாள் என்னை இப்படித்தான் படுத்துகிறது.

மெர்லிமாவ் பக்கம் நான் படித்த எங்கள் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. வாசலில் ஒரு கரும்பலகை. தினமும் காலையில் அதில் 'இன்றைய நாள்' எழுத வேண்டும். மேலே, அந்தத் தேதியில் உலகத்தில் என்ன நடந்தது என்று. கீழே, பள்ளியில் யாருக்குப் பிறந்தநாள் என்று. நிலவில் மனிதன் இறங்கிய நாள் என்று ஒரு வரி இருக்கும். அடுத்த வரியிலேயே மூன்றாம் ஆண்டு முனியம்மா பிறந்த நாள் என்று இருக்கும். அன்று முழுக்க, நிலவில் இறங்கியதே தான்தான் என்பதுபோல் முனியம்மா நடப்பாள்.

லயத்து வரிசை வீடுகளில் கேக்காவது, மெழுகுவத்தியாவது... பிறந்தநாள் என்றால் எங்களுக்கு அந்த ஒரு வரிதான்.

ஆறாம் ஆண்டில் அதை எழுதும் வேலை எனக்கு வந்தது. கையெழுத்து அழகு என்று இல்லை. வகுப்பில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காராத பிள்ளை, சாக்பீஸைக் கொடுத்தாலாவது கொஞ்ச நேரம் தொல்லை விட்டது என்று கொடுத்தார்கள்.

காமாட்சி என் பக்கத்து இடம். அவள் பிறந்தது சுதந்திர தினத்தன்று. அன்று பள்ளி விடுமுறை, பலகையில் யாரும் எழுதுவதில்லை. ஆறு வருடத்தில் அவள் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

"இதாண்டி கடைசி வருசம். முப்பதாம் தேதியே 'நாளைக்குக் காமாட்சி'ன்னு போட்டுடு லா."

"அவ்ளோதானே? போட்டுட்டா போச்சு," என்றேன்.

முப்பதாம் தேதி கலர் சாக்பீஸ் கொடுத்து, கொடி வரையச் சொன்னார்கள். கலர் சாக்பீஸைக் கண்டதும் தலை கால் புரியவில்லை எனக்கு. பதினான்கு கோடு, பிறை, நட்சத்திரம், கீழே கொட்டை எழுத்தில் வாழ்த்து... முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் பலகையில் ஒரு விரல்கடை இடமில்லை.

காமாட்சி வந்து நின்று பார்த்தாள்.

"கொடி நல்லாருக்கு," என்றாள். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

மறுநாள் காலை தோட்டமே பாடாங் திடலில் கூடிக் கொடியேற்றத்துக்கு நிற்கிறது. எனக்குக் கால் தரிக்கவில்லை. நழுவிவிட்டேன். வேலிக்கடியில் புகுந்து பள்ளிக்குள் போனால், சாக்பீஸ் அலமாரி பூட்டிக் கிடக்கிறது.

தோட்டத்துப் பிள்ளைக்கு வெள்ளையாக வேறென்ன தோன்றும்? வேலியை ஒட்டி ரப்பர் மரம். விடியற்காலை வெட்டிய மரத்தில், பால் பிடிக்கிற மங்கு பாதி நிறைந்திருந்தது. அப்படியே தூக்கி வந்தேன். கொடிக்குக் கீழே இருந்த வாழ்த்தைப் பாவாடையால் துடைத்துவிட்டு, குச்சியால் பாலைத் தொட்டுத் தொட்டு எழுதினேன்.

காமாட்சி.

வெள்ளை வெளேரென்று இருந்தது. நாளைக்கு வந்ததும் பார்ப்பாள், அப்புறம் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். காய்ந்த பால் துடைத்தால் போகாது என்று தோட்டத்தில் தவழுகிற குழந்தைக்கும் தெரியும். அந்த அவசரத்தில் எனக்கு மட்டும் தெரியவில்லை.

மறுநாள் பார்த்தால் பெயர் பழுப்பேறி, பலகையோடு ஒட்டிக் கிடந்தது. உரித்தார்கள். பாலோடு சேர்ந்து கறுப்புச் சாயமும் உரிந்து வந்தது. இப்போது பலகையில் செதுக்கி வைத்த மாதிரி 'காமாட்சி'.

"எவன் பண்ண வேல இது?" என்று வாத்தியார் கேட்டார். அவர் காமாட்சியைப் பார்த்தார். "உன் பேருதானே? வேற யாரு எழுதுவா?"

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. சாக்பீஸ் கையில் இருக்கிறவள் பாலை ஏன் தேடிப் போகிறாள்?

"நான் எழுதல சார்," என்று ஒரு முறை சொன்னாள். பிறகு கையை நீட்டினாள். ரோத்தான் பிரம்பு இரண்டு முறை விழுந்தது.

ஐந்து நிமிடம் உட்காராதவள், அன்று பெஞ்சோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வருடக் கடைசி வரை அந்தப் பெயர் போகவில்லை. மேலே எந்த நாட்டுச் சரித்திரத்தை எழுதினாலும், கீழே காமாட்சி இருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் எழுதினேன்.

போன மாதம் பெம்பானில் ஒரு கல்யாணப் பந்தியில் அவளைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரிடம் அவளே அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

"யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலங்க. எங்க வீட்லயே என் பொறந்தநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. எனக்காக ஒருத்தர் பால் எடுத்தாந்து எழுதிருக்காங்க பாருங்க... அடி என்ன பெரிய அடி!"

"எவனோ ஒரு பையன்தான்," என்று அவர் சீண்டினார்.

நான் பாயசத்தை வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையாட்டினேன். நாற்பது வருடம் கழித்தும் அதே பெஞ்சு.

இப்போது பிறந்தநாளுக்குக் குறைச்சலே இல்லை. விடுமுறையோ இல்லையோ, போன் ஒருத்தரையும் விடாமல் சொல்லிவிடுகிறது. காமாட்சிக்குக் காலையிலிருந்து வாழ்த்தும் கேக் படமுமாய்க் குவிகிறது. சாயங்காலத்துக்குள் எல்லாம் கீழே போய்விடும். நானும் 'ஹேப்பி பர்த்டே' என்று அடித்தேன்... அழித்தேன். அடித்தேன்... அழித்தேன்.

காமாட்சி, எழுதினது நான்தான். நீ கை நீட்டினபோது எழுந்து நிற்க வேண்டியவளும் நான்தான்.

இந்த போஸ்டை ஒரே தட்டில் அழித்துவிட முடியும். அழிக்க மாட்டேன். இதையும் பாலில் எழுதினதாக வைத்துக்கொள்.