வருமானச் சான்றிதழில் அக்கா

மதுரையில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்த கடிதத்தோடு இன்னொரு தாளும் வந்திருந்தது. அரசாங்க உதவித்தொகைக்கான விண்ணப்பம். தாசில்தாரின் வருமானச் சான்றிதழை இணைத்துக் கொடுத்தால், உதவித்தொகை வரும்வரை கட்டணம் கேட்கமாட்டார்கள். கொடுக்காவிட்டால் மாதக் கடைசிக்குள் முழுவதையும் கட்ட வேண்டும், தவறினால் இடம் போய்விடும். எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். படித்துச் சொன்னதும் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

"நாம ஏழைன்னு அவிய எழுதித் தருவாகளாக்கும்?"

அப்பா ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பஞ்சு பேல் மூட்டைகளை இறக்கும் தினக்கூலி. அக்கா வேறொரு மில்லில் நூலைக் கோனில் சுற்றினாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் போவாள். பி.எஸ்ஸி. மூன்று வருடமும் எனக்குக் கட்டணம் கட்டியது அவள் சம்பளம்தான். வருகிற ஆவணியில் அவளைக் கட்டிக்கொடுக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவள் போனால் அந்தச் சம்பளமும் போகும். அதற்குப் பிறகு அரசாங்கப் பணத்தை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை.

சோழபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கிராம நிர்வாக அதிகாரி சைக்கிளில் வந்து இறங்கினார். என் மனுவின் மேல் விசாரணை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"என்ன வேலை பாக்கீரு? மாசம் எம்புட்டு வரும்?"

அப்பா மாப்பிள்ளையின் மாமாவை ஒருதரம் பார்த்தார்.

"மில்லுல மேஸ்திரி சார். மாசச் சம்பளம். போனஸ் தனி." தொகையையும் சொன்னார். அவர் கூலியைப் போல் மூன்று மடங்கு இருக்கும்.

"மேஸ்திரி மகனுக்கு என்னத்துக்குய்யா உதவித்தொகை?"

"சர்க்கார் குடுக்கிறத வேண்டாம்னா சொல்ல முடியும்?" என்று மாப்பிள்ளையின் மாமா அப்பாவுக்காகப் பதில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி எழுதிக்கொண்டு போனார். நான் காப்பித் தட்டோடு அங்கேதான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அப்பாமேல் மட்டும் பழி போட இன்றுவரை எனக்கு மனம் வராததற்கு அதுதான் காரணம்.

சான்றிதழ் அந்தத் தொகையோடே வந்தது. உதவித்தொகைக்கான வரம்பைத் தாண்டியிருந்தது. அப்பா கலங்கவில்லை.

"சம்பளம் கூடன்னா பேங்குல லோன் குடுப்பான்லா? போய்க் கேளு."

போய்க் கேட்டேன். மேலாளர் உட்காரச் சொல்லி மரியாதையாகத்தான் பேசினார். படிப்புக்குக் கடன் உண்டு, அப்பாவின் சம்பளச் சீட்டும் சொத்து ஜாமீனும் கொண்டுவா என்றார். தினக்கூலிக்கு ஏது சம்பளச் சீட்டு? எழுந்து வந்துவிட்டேன்.

தாலுகா ஆபீசில் திருத்த மனு கொடுக்கப் போனால், "அப்பாவக் கூட்டிட்டு வந்து வாக்குமூலம் குடு. பொறவு உங்க தெருவுல விசாரிப்பாக" என்றார் குமாஸ்தா. தெருவில் விசாரித்தால் அந்தப் பேச்சு சோழபுரம் போய்ச் சேர அதிக நாள் ஆகாது.

"கல்யாணம் முடியட்டும்லே" என்றார் அப்பா.

"அதுக்குள்ள சீட்டு போயிரும்ப்பா."

"போனாப் போகட்டும். எங்கப்பன் என்ன எம்.எஸ்ஸி.யா படிச்சான்?"

அக்கா வேலைக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "மேஸ்திரி மகள்னு கட்டிட்டுப் போயி, பொறவு தெரிஞ்சு என்னையப் போட்டு மிதிக்கிறதுக்கு, இப்பவே தெரியட்டும். கெளம்புங்கப்பா."

"ஏட்டி, நீ சும்மா கெட."

"நான் சும்மாதான் கெடக்கேன். நீங்க கெளம்புங்க."

மறுநாள் அப்பா கூலியை விட்டுவிட்டு என்னோடு வந்தார். அதே அதிகாரிதான் வாக்குமூலம் எழுதினார். "மேஸ்திரிய ஒரே மாசத்துல பேல் தூக்க எறக்கிட்டாகளாய்யா?" என்றார். பக்கத்து மேசையிலும் சிரித்தார்கள். கைநாட்டு வைத்த பெருவிரலைத் துடைக்காமலே அப்பா நின்றார். மகள் சம்பளத்தைச் சேர்க்க வேண்டுமே என்று அதிகாரி கேட்டபோது மட்டும், "ஆவணியில கல்யாணம் சார், அது இன்னொரு வீட்டுப் பிள்ளை" என்றார். அதிகாரி அதைச் சேர்க்காமல் விட்டார்.

தெருவில் விசாரணையும் நடந்தது. கடைசி நாளுக்கு முந்தின நாள் சான்றிதழை வாங்கிக்கொண்டு மதுரைக்கு ஓடினேன். இடம் நிலைத்தது. சோழபுரத்திலிருந்து அதன்பிறகு யாரும் வரவில்லை. சண்டை இல்லை, வேண்டாம் என்று ஆள்விட்டுச் சொல்லவும் இல்லை. ஆவணி வந்து போனது. அக்கா முதல் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

இரண்டாம் வருடத்துக்குப் புதுச் சான்றிதழ் கேட்டார்கள். இந்த முறை நான் மட்டும் போனேன். அதிகாரி பழைய தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

"மில்லுக்குப் போற பிள்ளை ஒண்ணு இருந்துச்சே. கல்யாணம் முடிஞ்சிருச்சா?"

அக்கா சம்பளத்தைச் சேர்த்தால் வரம்பைத் தாண்டிவிடும். ஒரு வருடப் படிப்பு மீதி இருந்தது. எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சிருச்சு சார்."

"ஒரு பத்திரிகை வைக்கத் தோணலியாய்யா உங்கப்பனுக்கு?" என்று சொல்லிக்கொண்டே, மகள் ஒருத்தி, திருமணமாகிவிட்டது என்று எழுதினார். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போடத் தெரிந்தவன் நான்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வேலை முடிந்து வந்து, முடியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மறைக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். சொன்னேன். பஞ்சை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏலே, மாப்பிள்ளை என்ன வேலை பாக்காருன்னு எழுதுன?"

"அதெல்லாம் கேக்கலக்கா" என்றேன்.