ஒற்றை ஆள் அச்சாறு

கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்தவன் ஊரில் உள்ள எல்லாருடைய பாட்டையும் கேட்பான். அவன் பாட்டை மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். எண்பதுகளில் இந்தத் தொழிலில் கிடந்து மாண்ட சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் அடங்காத பாட்டையெல்லாம் எழுதிக்கொண்டு வந்து "கொஞ்சம் நெருக்கிப் போட்டுக் குடுங்க" என்றவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜெபக்கூட்ட கேசட்டைக் கொடுத்து அதன் மேலேயே பைலா ஆட்டப்பாட்டைப் பதியச் சொல்லிவிட்டு, மறுவாரம் ஜெபம் எங்கே என்று சண்டைக்கு வந்தவர்களும் உங்களுக்குத் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். என் கடை மலையகத்து நோர்வூட் கடைவீதியில் இருந்தது. முன்னால் ஒரு மேசை, பின்னால் ஒரு சின்ன அறை. அந்தப் பின்னறைதான் என்னைக் கெடுத்தது.

பேருக்கு நாலு பேர்

மழை பிடித்தால் கடைக்கு ஆள் வராது. நோர்வூட்டில் மழை எப்போது விட்டது? அந்த ஓய்வில் நானே எழுதி, நானே பாடி, எல்லா வாத்தியத்தையும் நானே வாசித்து ஒரு கேசட் போட்டேன். முதலில் ஒரு டேப்பில் கிட்டாரைப் பதிவேன். அதை ஓடவிட்டு, கூடவே கீபோர்டு வாசித்து, இரண்டையும் சேர்த்து அடுத்த டேப்பில் பதிவேன். பிறகு அதை ஓடவிட்டு டிரம் அடிப்பேன். டிரம் என்றால் தேயிலைப் பெட்டியும் பால்மா டின்னும்தான். ஒவ்வொரு தடவையும் இரைச்சல் கொஞ்சம் ஏறும். கடைசியில் நான் பாட வரும்போது பின்னால் யாரோ அப்பளம் பொரிப்பது போலக் கேட்கும்.

ஒரு பைலா, ஒரு ரொக், ஒரு தாலாட்டு, தப்பும் கிட்டாரும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் ஒரு பாட்டு, ஒரு காதல் சோகப் பாட்டு, ஒரு ஜெபப் பாட்டு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் செலவழித்து ஒரு இங்கிலீஷ் பாட்டு. எல்லாம் ஊறுகாய் மாதிரிக் கலந்து கிடந்ததால் 'அச்சாறு' என்று பேர் வைத்தேன்.

அட்டையில் ஒரே பேரைப் போட்டால் ஆள் பஞ்சம் என்று நினைப்பார்களே என்று யோசித்தேன். நல்ல வேளையாக, என் ஞானஸ்நானத்தன்று என்ன பேர் வைப்பதென்று சொந்தக்காரர்கள் அடித்துக்கொண்டதில், சாமியார் நாலு பேரையும் எனக்கே வைத்துவிட்டிருந்தார். கிட்டார் அந்தோனி, பேஸ் பிரான்சிஸ், கீபோர்டு சேவியர், டிரம் ஜோசப் என்று அச்சடித்தேன். ஒன்றும் பொய்யில்லை. என் மனைவி ஸ்டெல்லா அட்டையை வாசித்துவிட்டுச் சொன்னாள்: "ஞானஸ்நானத்துல வாங்குன பேரெல்லாம் இப்பதான் வேலைக்குப் போகுது."

அறைக்கு வந்த ஆபத்து

ஸ்டெல்லா தையல்காரி. வீட்டில் மெஷின் போட இடமில்லை. என் பின்னறையின் மேல் அவளுக்கு வெகுநாளாகக் கண். கேசட்டை அவளுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டினேன். இரண்டாவது பாட்டிலேயே தூங்கிவிட்டாள். தட்டி எழுப்பினால் "பி பக்கத்த நாளைக்குக் கேக்குறேங்க" என்பாள். அந்த நாளை பல வாரம் வரவில்லை. கடைக்கு வந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். ஒருவர் மழை விட்டது என்று போனார். இன்னொருவர் மழையிலேயே போனார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா ஒரு நாள் கெடு வைத்தாள். "யாராச்சும் ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, ரெண்டு பக்கத்தையும் முழுசா கேட்டேன்னு சொல்லட்டும். அப்பறம் அந்த ரூம் பேச்சே எடுக்க மாட்டேன். கோயில் திருநாள் வரைக்கும் பாப்பேன், இல்லாட்டி மெஷின் உள்ள வந்துரும்."

கொச்சிக்கா யாருது?

கடைக்கு அடுத்தது பெருமாள் அண்ணனின் அரைக்கிற மில். அவர் செத்தல் மிளகாய், எங்கள் பேச்சில் கொச்சிக்கா, அரைக்கச் சுவிட்சைப் போட்டால் கடைவீதி பல்பெல்லாம் மஞ்சளாகும். என் இரண்டு டேப்பில் ஒன்று கரண்டில் ஓடும், பதிகிற டேப் பேட்டரியில் ஓடும். கேசட்டிலேயே உருக்கமான பாட்டு, தலவாக்கலை ஸ்டேஷனில் காதலிக்காகக் காத்திருப்பவன் பாடுவது. கேசட் போட்ட நாட்களில் அதைத்தான் கடைசியாகப் பதிந்துகொண்டிருந்தேன். "ரயிலு வந்திருச்சு, நீ ஏன் வரல" என்று பாடி, சோகத்துக்காகக் கொஞ்சம் நிறுத்தினேன். அந்த நிசப்தத்தில் பெருமாள் அண்ணன் தன் வாடிக்கையாளர்களைப் பார்த்துக் கத்தினார், "கொச்சிக்கா யாருது?" சொன்ன கையோடு சுவிட்சையும் போட்டார். கரண்ட் டேப் இழுத்தது. கிட்டார், டிரம் எல்லாம் சேற்றில் இறங்கிய மாடு மாதிரி மெதுவாக நடந்தன. நானும் பின்னாலேயே இழுத்து இழுத்துப் பாடி முடித்தேன்.

முடிந்ததும் கரண்ட் டேப் அந்த வாத்தியப் பதிவைச் சுருட்டி விழுங்கிவிட்டது, அதற்கு முந்தியவற்றின் மேலேயே பதிவதோ என் வழக்கம். அதனால் திருத்த வழியே இல்லை. அப்படியே விட்டேன். அட்டையும் அச்சாகி வந்ததும், ஆத்திரத்தோடு பெருமாள் அண்ணனைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி ரசித்துக் கேட்டார். பிறகு கேட்டார்: "கொரல் எல்லாம் நல்லா வந்திருக்கு தம்பி, அட்டையில எம்பேரு எங்க?"

அரைப் போத்தல்

திருநாளுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. கேட்க ஆளில்லை. 'அச்சாறு வந்துவிட்டது! ஒரு முறை சுவைத்தால் விடமாட்டீர்கள்!' என்று பெரிய எழுத்தில் பலகை எழுதிக் கடை வாசலில் வைத்தேன். அன்றைக்கே நல்ல கூட்டம். வந்தவர்களில் பாதிப் பேர் கையில் போத்தல் இருந்தது.

முன்னால் நின்ற அம்மா தேயிலைத் தோட்டத்திலிருந்து நடந்தே வந்தவர். அன்னாசிப்பழம் போட்டதா, மாங்காய் போட்டதா என்று விசாரித்தார். அம்மா, இது சாப்பிடுகிற அச்சாறு இல்லை, பாட்டு என்று விளக்கி, கேசட்டைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சும்மா போக வேண்டாமே என்று முதல் பாட்டைப் போட்டேன். நின்று கேட்டார். அது முடிந்ததும் போத்தலுக்கு மூடியை இறுக்கிக்கொண்டு சொன்னார்: "உப்புப் பத்தல."

மாப்பிள்ளை கீபோர்டு

டிக்கோயாப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். குடையை மடக்கி, நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாக, "கீபோர்டு வாசிக்கிற சேவியர் தம்பி எந்தக் கோயில் பங்கு?" என்று கேட்டார். முழுசாகக் கேட்ட ஆள் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே புல்லரிப்பு. கேசட் கேட்டீங்களா என்றேன். கேட்கவில்லை. அட்டையை மட்டும் யார் வீட்டிலோ பார்த்திருக்கிறார். நல்ல பேர், வேதக்காரப் பையன், அவர் மகளுக்குப் பொருத்தமாக இருக்குமென்று வந்திருக்கிறார்.

அந்தச் சேவியர் நான்தாங்க என்றேன். அந்த அம்மா என் தலையில் இருந்த வழுக்கையையும், உள்ளே இருந்து எட்டிப் பார்த்த ஸ்டெல்லாவையும் ஒரு தரம் பார்த்தார். எழுந்து குடையை விரித்துக்கொண்டு கேட்டார்: "சரிங்க, டிரம் அடிக்கிற ஜோசப் தம்பிக்காச்சும் இன்னும் கல்யாணம் முடியலதானே?"

ஹோனும் பாட்டும்

இனி ஒரே வழி பஸ்தான் என்று முடிவு செய்தேன். பஸ்ஸில் இருப்பவன் இறங்கி ஓட முடியாது. நோர்வூட், பொகவந்தலாவை ரோட்டில் ஓடிய தனியார் பஸ்ஸின் டிரைவர் விஜேபால அய்யா என் வாடிக்கைக்காரர், சிங்களவர், தங்கமான மனுசன். அவரிடம் கெஞ்சி கேசட்டைக் கொடுத்தேன். அவரும் அதை பஸ் டேப்பில் தள்ளினார். அது உள்ளே போனதோடு சரி. ஸ்க்ரூ டிரைவர் போட்டார்கள், தட்டினார்கள், கும்பிட்டார்கள். கேசட் வெளியே வரவில்லை. பக்கம் முடிந்தால் தானாகத் திரும்பி ஓடும் புது மாதிரி டேப் அது. தட்டிய தட்டில் சத்தக் குமிழும் கழன்றுபோனது, நிறுத்தவும் முடியவில்லை. டேப்புக்குப் போகிற வயரிலேயே ஹோனையும் கோத்து வைத்திருந்தார் பஸ் திருத்துகிற கராஜ் பாஸ். அந்த வயரை வெட்டினால் ஹோன் போய்விடும். முழுக்க வளைவாக இருக்கிற அந்த ரோட்டில் ஹோன் இல்லாமல் போனால் பஸ் நேரே தேயிலைக்குள் இறங்க வேண்டியதுதான். ஆகவே பஸ் ஓடிய நேரமெல்லாம் அச்சாறும் ஓடியது. முதல் வாரம் என்னைக் கண்ட சனமெல்லாம் திட்டியது. நான் கடையின் பின்வாசலால் போய்வந்தேன்.

ஆனால் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழுசாகக் கேட்ட ஒருவர் இருக்கிறார்! விஜேபால அய்யாவைக் கையோடு கூட்டிவந்து ஸ்டெல்லாவின் முன் நிறுத்தினேன். அவரும் ரெண்டு பக்கமும் கேட்டதாகச் சத்தியம் செய்தார். ஸ்டெல்லா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, பாட்டில் என்ன சொல்லுது அய்யா என்று பணிவாகக் கேட்டாள். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நோனா, எனக்கு தமிழ் கொஞ்சம்தான் தெரியும், ஆனா ஒரு ஆளோட கொச்சிக்கா காணாம போச்சு."

அவள் வந்தாளா?

பாஷை தெரியாதவர் கணக்கில் வரமாட்டார் என்று ஸ்டெல்லா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நான் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். இறங்கி வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. யாரும் முழுசாகக் கேட்கவில்லை. போகும்போது ஒரு பக்கம், திரும்பும்போது மறுபக்கம் என்று கணக்காக ஓடியதால் தினமும் அதே இடத்தில் அதே பாட்டு, இவர்களோ ஒரு தோட்டத்தில் ஏறி அடுத்த தோட்டத்தில் இறங்குகிறார்கள். ஒரு தோட்டத்துக்கு பைலா மனப்பாடம், தாலாட்டு தெரியாது. அடுத்த தோட்டத்துக்கு இங்கிலீஷ் பாட்டு மட்டும்தான் தெரியும். பாவம், அவர்கள்தான் என்னை ஆகக் கூடுதலாகத் திட்டியவர்கள்.

கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு அக்கா மட்டும் திட்டவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டு, முகத்தில் உண்மையான கவலையோடு கேட்டார்: "தம்பி, அந்த ஸ்டேஷன் பாட்டு பாதியில இருக்கப்பவே நாங்க எறங்கிர்றோம், கடேசியில அந்தப் புள்ள வந்துச்சா இல்லியா?"

நாலு நாற்காலி

திருநாள் வந்தது. கோயில் கமிட்டித் தலைவர் பஸ்ஸில் கேட்டுக் கேட்டு மனம் மாறியவர். பின்னேரம் நடந்த கலைவிழாவுக்கு 'அச்சாறு செட்'டைக் கூப்பிட்டுவிட்டார். மேடையில் நாலு நாற்காலி, நாலு சோடா, நாலு மாலை. நான் ஒருத்தன் கிட்டாரோடு ஏறினேன். "மத்த மூணு பேரு?" என்றார் தலைவர். நாலும் நான்தான் என்றேன். நாலு மாலையையும் எனக்கே போட்டுவிட்டு, மூக்கு மட்டும் தெரியும்படி என்னை மைக்குக்கு முன்னால் நிறுத்தினார். கீழே பஸ் ஓடும் ரோட்டில் உள்ள அத்தனை தோட்டமும் உட்கார்ந்திருந்தது. ஓரமாக ஸ்டெல்லா. அவள் கண்ணில் தையல் மெஷின் தெரிந்தது.

வெறும் கிட்டாரோடு ஸ்டேஷன் பாட்டைத் தொடங்கினேன். கேட்கவே எலும்பும் தோலுமாக இருந்தது. அழுகை வந்தது. "ரயிலு வந்திருச்சு, நீ ஏன் வரல" என்று பாடி, அடுத்த வரிக்கு மூச்சு எடுத்தேன். அவ்வளவுதான், தோட்டம் தோட்டமாகப் பரவியிருந்த அந்த வரியைக் கோயில் முற்றம் முழுக்க ஒரே குரலாகக் கத்தியது, "கொச்சிக்கா யாருது?" பெருமாள் அண்ணன் எழுந்து நின்று எல்லாருக்கும் கும்பிடு போட்டார். அதன்பிறகு பாட்டு என் கையில் இல்லை. ஆண்கள் உட்கார்ந்த வாங்குப் பலகையில் டிரம் தட்டினார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் கீபோர்டை வாயாலேயே "டிங் டிங்" என்று வாசித்தார்கள். பின்வரிசை "ஸ்ஸ்ஸ்" என்று அப்பளம் பொரித்தது. கரண்ட் இறங்கிய இடம் வந்ததும் அத்தனை பேரும் இழுத்து இழுத்துப் பாடினார்கள். சரியான தாளத்தில் போனவன் நான் மட்டும்தான், நான்தான் பிழையாகத் தெரிந்தேன். தாலாட்டுக்கு ஒரு தோட்டம், பைலாவுக்கு ஒரு தோட்டம் என்று மாறி மாறிப் பிடித்துக்கொண்டு போனார்கள். இங்கிலீஷ் பாட்டுக்கு ரோட்டிலிருந்து விஜேபால அய்யா ஹோன் அடித்தார். எனக்கு அழுகையும் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை.

பி பக்கத்தில் ஒரு இடம் வந்தது, ஜெபப் பாட்டு. அது ஓடுகிற இடத்தில் ஏறவோ இறங்கவோ தோட்டம் கிடையாது, பஸ் ஏறக்குறைய காலியாகத்தான் போகும். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் பதற்றத்தில் வரி மறந்துவிட்டது. ஓரத்திலிருந்து ஒரே ஒரு குரல் அந்த வரியை எடுத்துக் கொடுத்தது. அது ஸ்டெல்லா. தைத்த சட்டைகளைக் கொடுக்க வாராவாரம் பொகவந்தலாவைக்குப் போய் வந்தவள், ஒரு பக்கத்தைப் போகும்போதும் மறுபக்கத்தைத் திரும்பும்போதும் கேட்டிருக்கிறாள். பாட்டை முழுசாகப் பாடி முடித்துவிட்டு, நான் மாலைகளோடு இறங்கி வந்ததும், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ரூம நீங்களே வச்சுக்கங்க, ஆனா மெஷினும் உள்ளதான் வரும், அடுத்த கேசட்டுல அதோட சத்தமும் கொஞ்சம் விழட்டும்."

விழுந்தது; அதற்குப் பிறகும் இரண்டு கேசட் போட்டேன், இரண்டும் முந்தியதைவிட நல்ல கேசட், ஆனால் எங்கள் கெட்ட காலம், எந்த பஸ்ஸிலும் சிக்கவில்லை.