ஏலாமல் போன அந்த அரைத் தவணை

சகோதரிகளே, இருபது வருசத்துக்கு மேலாய் வகுப்பிலை நிண்டு கதைச்சுப் பழகினவள் நான். எண்டாலும் இண்டைக்கு இந்த ஜெபக்கூட்டத்திலை என்ரை சாட்சியை இருந்துகொண்டுதான் சொல்லப்போறன். இது என்ரை களைப்பைப் பற்றின சாட்சி.

தொண்ணூற்றோராம் ஆண்டு, இரண்டாம் தவணை. யாழ்ப்பாணத்திலை சண்டை நடந்த அந்த நாள் எப்பிடி இருந்தது எண்டு உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் இல்லை. சவுக்காரம் இல்லாமல் பனங்காய்க் களியிலை உடுப்புத் தோய்ச்சம். சுன்னாகத்துக்குக் கிட்ட இருந்த எங்கடை பெண்கள் பாடசாலையை மட்டும் நாங்கள் பூட்டேல்லை. எங்கடை தலைமை ஆசிரியை, அதிபர் அம்மா, தவணை தொடங்கின கையோடை அலுவலாய்க் கொழும்புக்குப் போனவ. அவ போய்ச் சேரப் பாதை பூட்டுப்பட்டுப் போச்சுது. அவ அங்கை, பள்ளிக்கூடம் இஞ்சை. மூத்த ஆசிரியை எண்டு பொறுப்பு முழுக்க என்ரை தலையிலை வந்து விழுந்தது. ஏற்கெனவே உடற்பயிற்சியும் பாட்டுக்குழுவும் விடுதியும் என்னட்டைத்தான். என்ரை மனுசன் எண்பத்தேழிலை ஷெல் பட்டுச் செத்துப்போனார். எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. அதுக்குப் பிறகு விடுதிதான் என்ரை வீடு.

அதிபர் அம்மா போகேக்கை ஒண்டு சொல்லிப்போட்டுப் போனவ. "ரஞ்சிதம், ஒண்டையும் நிப்பாட்டிப் போடாதையும். பிள்ளையளுக்கு வேறை என்ன கிடக்குது?"

நான் ஒண்டையும் நிப்பாட்டேல்லை. அந்த அரைத் தவணைக்குள்ளை தமிழ்த்தினப் போட்டி, வலைப்பந்து, பிள்ளையளை இல்லம் இல்லமாய்ப் பிரிச்சு நடத்துற இல்ல விளையாட்டுப் போட்டி, பெற்றோர் தினம், கோயில் திருவிழாவுக்குப் பாட்டு, எல்லாம் வந்து ஒண்டுக்கு மேலை ஒண்டாய் விழுந்தது. எங்கடை பிள்ளையள் கெட்டிக்காரியள். அதுவே எனக்குப் பெரிய கரைச்சலாய்ப் போச்சுது. வலைப்பந்திலை வெண்டால் அடுத்த சுற்று. அடுத்த சுற்று எண்டால் அச்சுவேலிக்குச் சைக்கிளிலை போகவேணும். அங்கையும் வெண்டுபோட்டு வந்தாளவை. தமிழ்த்தினத்திலை மங்கை ரீச்சர் பழக்கின நாடகம் முதலிடம். மங்கை எண்டது எங்கடை தமிழ் ஆசிரியை, என்ரை சிநேகிதி. குழுப்பாட்டு இரண்டாம் இடம். பிள்ளையள் துள்ளிக்கொண்டு வந்து சொல்லேக்கை நான் சிரிப்பன். உள்ளுக்கை, ஐயோ இனி மாவட்டப் போட்டிக்கும் ஆயத்தப்படுத்தவேணுமே எண்டு இருக்கும்.

மைதானத்திலை கோடு போடச் சுண்ணாம்பு கிடைக்கேல்லை. குசினிச் சாம்பலை அரிச்சு எடுத்துக் கோடு போட்டம். காத்தடிச்சால் போயிடும். திருப்பிப் போடுவம். அஞ்சல் ஓட்டத்திலை கைமாத்த விளக்குமாத்துத் தடியை வெட்டி எடுத்தம். காலமை வெயில் ஏற முதல் பாட்டு, பிறகு பாடம், பின்னேரம் ஓட்டம், இருட்ட முதல் விடுதிப் பிள்ளையளுக்குச் சாப்பாடு. படுத்தால் கால் இரண்டும் விண்விண் எண்டு குத்தும். பால் இல்லாத பிளேன்ரீயும் ஒரு துண்டுப் பாணும்தான் என்ரை சாப்பாடு. அதையும் நிண்டுகொண்டே விழுங்குவன். ஜெபம் பண்ண முழங்கால் போட்டால் அப்பிடியே கட்டிலிலை தலையை வைச்சு நித்திரையாய்ப் போயிடுவன். பிள்ளையளுக்கு முன்னாலை ஜெபம் சொல்லுவன். வாயிலை வரும். நெஞ்சிலை ஒண்டும் வராது. கொழும்பிலை இருக்கிற என்ரை தங்கச்சியிட்டைப் போயிடுவம், இந்த அரைத் தவணை முடிஞ்சு பாதையும் திறக்கட்டும் எண்டு மனதுக்குள்ளை முடிவெடுத்திட்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

அந்தத் தவணைதான் ஜெசிந்தா விடுதிக்கு வந்தாள். குருநகர்ப் பிள்ளை, ஆறாம் வகுப்பு. தேப்பன் மரியநாயகம் கடற்தொழில். கடலுக்குப் போக விடாத காலம். கரைப்பக்கம் ஒரே ஷெல்லடி எண்டு பிள்ளையைச் சைக்கிளிலை கொண்டுவந்து விட்டவர். தாய் இல்லாத பிள்ளை. போகேக்கை அந்த மனிசன் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து சொன்னார். "ரீச்சர், இவள் பயந்தவள். சத்தம் கேட்டால் விழுந்து படுக்கமாட்டாள். ஓடுவாள். ஒருக்கால் கவனியுங்கோ."

நான் கவனிச்சன். உண்மையிலை அவள் ஓடுறதைப் பார்த்து எனக்கு ஆசை வந்தது. கால் நிலத்திலை படாத மாதிரி ஓடுவாள். வீதி ஓட்டத்துக்கு அவளின்ரை இல்லத்துத் தலைவி பேர் கொடுத்தாள். நானும் ஓம் எண்டன்.

ஒரு வியாழக்கிழமை காலமை. வீதி ஓட்டத்துக்கான தெரிவு. பெரிய றோட்டிலை ஓட விடாமல் உள் ஒழுங்கையளாலை பாதை போட்டிருந்தம். ஒழுங்கை திரும்புற ஒவ்வொரு முடக்கிலையும் ஒரு பெரிய பிள்ளை நிக்கும். நான் மைதானத்து வாசலிலை விசிலோடை நிண்டன். கடைசிப் பிள்ளையும் முடக்காலை மறைஞ்சு கொஞ்ச நேரம்தான். குண்டு போடுற பொம்மர் பிளேன் இரண்டு வந்தது. வடக்காலை வந்து தாழப் பதிஞ்சது. சுன்னாகச் சந்திப் பக்கத்திலை குண்டு விழுந்தது. நிலம் ஆடினது. யன்னல் கண்ணாடியள் கொட்டுண்டது.

பிள்ளையளுக்கு நாங்கள் பழக்கியிருந்தம். வாய்க்காலுக்குள்ளை படுக்கிறது, காதைப் பொத்துறது, விசில் கேக்கும் வரைக்கும் எழும்பாதது. பொம்மர் போனபிறகு நான் விசிலை ஊதினன். ஊத ஊத ஒவ்வொருத்தியாய் மண்ணும் புழுதியுமாய் வந்தாளவை. மங்கை ரீச்சர் ஒவ்வொருத்தியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. ஜெசிந்தா வரேல்லை.

இரண்டாம் முடக்கிலை நிண்ட பிள்ளை அழுதுகொண்டு சொன்னாள், ஜெசிந்தாவைப் படு படு எண்டு தான் கத்தினதாம், அவள் கேக்காமல் நேரை ஓடினதாம், புகைக்குள்ளை எந்தப் பக்கம் திரும்பினவள் எண்டு தெரியேல்லையாம்.

பிள்ளையளை மங்கையிட்டை விட்டிட்டு நான் சைக்கிளை எடுத்தன். வீட்டை நினைச்சுத்தானே பிள்ளை ஓடும் எண்டு யோசிச்சன். குருநகர் தெற்காலை. தெற்கு நோக்கி உழக்கினன். கண்டவை எல்லாரிட்டையும் கேட்டன். வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை, சின்னப் பிள்ளை. ஒருதரும் காணேல்லை. சனம் மூட்டை முடிச்சோடை எதிர்ப்பக்கமாய் வந்துகொண்டிருந்தது. சந்திக்குக் கிட்ட ஒரு டிஸ்பென்சரியிலை காயப்பட்ட ஆக்களைக் கொண்டுவந்து போட்டிருந்தினம். அங்கையும் போனன். ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தன். வெளி விறாந்தையிலை ஆக்கள் இருக்கிற வாங்கு ஒண்டிலை சீலையாலை மூடி ஒரு உடம்பு கிடந்தது. ஒரு சின்னக் கால் வெளியிலை தெரிஞ்சது. அந்தச் சீலையை நான்தான் விலக்கிப் பார்க்கவேண்டி வந்தது. ஜெசிந்தா இல்லை. வேறை ஆரோ பெத்த பிள்ளை. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கேல்லை.

பின்னேரமாச்சுது. திரும்பி வாற வழியிலை சைக்கிள் ரியூப் வெடிச்சுது. உருட்டிக்கொண்டு நடந்தன். பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட, மல்லாகம் போற ஒழுங்கை ஒண்டிலை ஒரு மதகு. அதிலை இருந்தன். கொஞ்சம் இருந்திட்டு எழும்புவம் எண்டுதான் இருந்தது. எழும்ப ஏலேல்லை. காலுக்கு எழும்பு எண்டு சொல்லுறன், கால் கேக்குதில்லை. அந்தத் தேப்பனுக்கு என்ன சொல்லுறது? எனக்கு அழுகையும் வரேல்லை. அவ்வளவு களைப்பு.

அப்பதான் ஜெபம் பண்ணினன். வசனம் ஒண்டும் ஞாபகத்துக்கு வரேல்லை. கண்ணைக்கூட மூடேல்லை. "ஆண்டவரே, எனக்கு இனி ஏலாது. நீர் போய்த் தேடும்." அவ்வளவுதான். ஒரு வேலைக்காரனுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லிப்போட்டன். சொல்லிப்போட்டு, சொல்ல வெக்கமாய் இருக்குது, மதகிலை இருந்தபடியே நித்திரையாய்ப் போனன்.

ஆரோ தோளிலை தொட்டினம்.

"நீங்கள் ரஞ்சிதம் ரீச்சரோ?"

கண்ணை முழிச்சன். என்னைப்போலை வயசு ஒரு அம்மா சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. சைக்கிள் கரியரிலை ஜெசிந்தா. முழங்கால் இரண்டும் உரஞ்சு கிடந்தது. ஆரோ மஞ்சள் பூசியிருந்தினம். கழுத்திலை செபமாலை, நெத்தியிலை திருநீறு. என்னைக் கண்டதும் இறங்கி வந்து என்ரை மடியிலை முகத்தை வைச்சாள். அப்பதான் எனக்கு அழுகை வந்தது.

"அழாதேங்கோ ரீச்சர், பிள்ளை திருப்பிப் பயந்துபோடும்" எண்டு அந்த அம்மா சொன்னா. பிறகு தானும் கண்ணைத் துடைச்சா.

அவவின்ரை பேர் பரமேஸ்வரி. அளவெட்டி. அவவின்ரை மனுசன் தவில் வித்துவான். பிள்ளை தெற்காலை ஓடேல்லை. வடக்காலை, சனம் விட்டிட்டு ஓடிவாற பக்கமாய், ஷெல் வாற பக்கமாய் ஓடியிருக்கிறாள். மல்லாகமும் தாண்டி அளவெட்டி வரைக்கும் போய், இவையின்ரை வீட்டு முத்தத்திலை விழுந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பேர் கேட்டால் வாயிலை வரேல்லை. என்ரை பேர் மட்டும் சொன்னாளாம். அதை வைச்சுக்கொண்டு அந்த அம்மா பிள்ளையைச் சைக்கிளிலை ஏத்தி, பெரிய றோட்டுக்குப் பயத்திலை ஒழுங்கை ஒழுங்கையாய்க் கேட்டு வந்திருக்கிறா.

ஏன் பிள்ளை அந்த வீட்டுக்குள்ளை போனவள் எண்டு மதகிலை இருந்தபடியே கேட்டன். ஜெசிந்தா சொன்னாள், "மேளச் சத்தம் கேட்டது ரீச்சர். குண்டு போடுற இடத்திலை ஆரும் மேளம் அடிக்கமாட்டினம் தானே. அதுதான் அங்கை போனனான்."

பரமேஸ்வரி அம்மா அதைக் கேட்டிட்டுப் பிள்ளையின்ரை தலையைத் தடவினா. பிறகு சொன்னா, தன்ரை மனுசன் மாதக்கணக்காய்த் தவிலைத் தொடேல்லையாம். கூட நாதஸ்வரம் வாசிக்கிற நாயனக்காரர் ஷெல்லிலை செத்தபிறகு உறையோடை மூலையிலை வைச்சவராம். கோயிலுக்கு ஒருக்கால் வாசிக்கச் சொல்லி ஆக்கள் வந்து கேட்டிருக்கினம். அண்டைக்குக் காலமைதான் தவில் வாரை இறுக்கி அடிச்சுப் பார்ப்பம் எண்டு எடுத்தவராம்.

சகோதரிகளே, இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. நான் மதகிலை இருந்து ஜெபம் பண்ணினது பின்னேரம். அந்த மனிசன் தவிலைக் கையிலை எடுத்தது காலமை. நான் கேக்க முதலே ஆண்டவர் வெளிக்கிட்டிட்டார். நான் தெற்காலை தேடித் திரிஞ்ச நேரமெல்லாம் அவர் வடக்காலை பிள்ளையை வைச்சிருந்தவர்.

ஒண்டையும் மறைக்காமல் சொல்லுறன். அண்டைக்குச் சந்திக்குப் போனவை எல்லாரும் திரும்பி வரேல்லை. அந்த வாங்கிலை கிடந்த பிள்ளைக்கும் ஒரு தாய் இருந்திருப்பா. அவவும் கும்பிட்டிருப்பா. என்ரை பிள்ளை ஏன் கிடைச்சது, அவவின்ரை பிள்ளை ஏன் கிடைக்கேல்லை எண்டு கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியையும் நான் ஆண்டவருக்கு முன்னாலைதான் வைச்சிருக்கிறன். அந்தத் தாய்க்காகவும் ஜெபிக்கிறன்.

சொல்லி அனுப்பினபடியால் அடுத்த நாளே மரியநாயகம் வந்தார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகப்போறார் எண்டுதான் நினைச்சன். நடந்ததை ஒண்டும் விடாமல் சொன்னன். அவர் நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியிலை சொன்னார், "அவள் உங்கடை பேரைத்தானே சொல்லியிருக்கிறாள். உங்களோடையே இருக்கட்டும். நீங்கள் சாப்பிடுறேல்லை எண்டு பிள்ளை சொல்லுது. முதல் சாப்பிடுங்கோ." அண்டைக்கு அவர் கொண்டுவந்த கருவாட்டைக் குசினியிலை பொரிச்சு, வாங்கிலை இருந்து சோறு சாப்பிட்டன். கன நாளைக்குப் பிறகு இருந்து சாப்பிட்ட சாப்பாடு.

இல்ல விளையாட்டுப் போட்டியை நிப்பாட்டுவம் எண்டு நான் சொன்னன். மங்கை ரீச்சர் விடேல்லை. "நீங்கள் கதிரையிலை இருங்கோ, நாங்கள் செய்யிறம்" எண்டா. உண்மையிலை அவைதான் செய்தினம். தாய்மார் வந்து சாம்பல் அரிச்சினம். பழைய மாணவியள் வந்து இல்லங்களைச் சோடிச்சினம். இவ்வளவு ஆக்கள் இருக்க நான் ஏன் ஒருத்தியாய்ச் சுமந்தனான் எண்டு எனக்கே விளங்கேல்லை. அணிநடைக்குப் பாண்ட் வாத்தியம் இல்லை, ஒலிபெருக்கிக்குக் கரண்ட் இல்லை. அளவெட்டித் தவில்காரருக்குச் சொல்லி அனுப்பினம். வருவாரோ எண்டு ஐமிச்சம். வந்தார். எங்கடை பிள்ளையள் தவில் அடிக்கு அணிநடை போட்டதை இந்த யாழ்ப்பாணத்திலை வேறை எந்தப் பள்ளிக்கூடமும் கண்டிராது. முதலிலை சிரிச்சாளவை. பிறகு காலை எடுத்து வைச்சாளவை பாருங்கோ, அப்பிடி ஒரு நடை. பரமேஸ்வரி அம்மா பெற்றோர் பக்கத்திலை இருந்து கைதட்டினா. ஜெசிந்தா அண்டைக்கு ஓடேல்லை. அவளை ஓடச்சொல்லி ஆரும் கேக்கவும் இல்லை. என்ரை கதிரைக்குப் பக்கத்திலை நிண்டு வெண்ட பிள்ளையளுக்குத் தண்ணி கொடுத்தாள்.

நான் கொழும்புக்குப் போகேல்லை. அதிபர் அம்மா பாதை திறந்தபிறகு வந்து சேர்ந்தா. பாட்டுக்குழுவை வேறை ஒருத்தியிட்டைக் கொடுத்தன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கதவைச் சாத்திப்போட்டுப் படுக்கிறன், அதைப் பாவம் எண்டு இப்ப நினைக்கிறேல்லை. களைப்பு முழுக்கப் போயிட்டுது எண்டு சாட்சி சொன்னால் பொய்யாய்ப் போயிடும். இந்த நாட்டிலை களைக்காமல் ஆர் இருக்கினம்? ஆனால் முந்தி நான் களைச்சால் ஆண்டவருக்கு முன்னாலை போக வெக்கப்பட்டன். இப்ப களைச்சால்தான் போறன்.

உங்களிலை சிலபேர் இண்டைக்குக் கூட்டத்துக்கு வந்து, பாட்டுப் படிக்கவும் சத்தி இல்லாமல் இருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். உங்கடை முகத்திலை தெரியுது. மகனைத் தேடுற ஆக்கள் இருக்கிறியள். புருசனின்ரை சத்தம் கேக்காமல் இருக்கிற ஆக்கள் இருக்கிறியள். நல்ல வார்த்தையாய் ஜெபம் பண்ண ஏலாட்டில் பரவாயில்லை. முழங்கால் போட ஏலாட்டிலும் பரவாயில்லை. ஏலாது எண்டதை மட்டும் அவருக்குச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு இருந்த இடத்திலையே இருங்கோ. அவர் எழும்பிப் போவார்.