கொழுக்கியில் தொங்கிய விளக்கு

ஸ்பிரிங்வேல் புறநகர் வீட்டை மகள் நிரூபாவிடம் விட்டுவிட்டு, கிப்ஸ்லாந்து நாட்டுப்புறத்தில் ஒரு பழைய செம்மறிப் பண்ணையை வாங்கப்போவதாகச் சிவபாதசுந்தரம் அறிவித்தபோது வீட்டில் ஒருவரும் கோபப்படவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிளேட்டன் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்கியே ஓய்வு பெற்ற மனிதர் அவர். சாடியில் வைத்த மிளகாய்க் கன்றைக்கூட நத்தைக்குத் தின்னக் கொடுத்தவர். ஆனால் வேலையால் நின்ற ஆளுக்கு ஒரு ஆசை பிடித்தால் லேசில் இறங்காது.

தடையாக நின்றது மனைவி சந்திரவதனா. அவர் சுத்த சைவம். முட்டை வெட்டிய கத்தியால் தக்காளி வெட்டமாட்டார்.

"செம்மறி மணக்கிற இடத்தில என்னால சீவிக்கேலாது. நீங்கள் போங்கோ, நான் பிள்ளையோட இருக்கிறன்."

கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் அவரைப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனார் சிவபாதசுந்தரம். பெரிய வீட்டின் பலகைத் தரை கிறீச்சிட்டது. கம்பளி கத்தரிக்கும் கொட்டகை வாசலிலேயே வதனா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கதை முடிந்தது என்று சிவபாதசுந்தரம் நினைத்த நேரத்தில்தான், வீட்டின் பின்பக்கம் தனியாக நின்ற கல்லால் கட்டிய சின்ன அறை ஒன்று கண்ணில் பட்டது. அவருக்குள் இருந்த தரகர் விழித்துக்கொண்டார்.

"வதனா, இஞ்ச வந்து பாரும்! சாமியறை! கிழக்குப் பார்த்த வாசல். நாலு பக்கமும் கம்பிவலை யன்னல், சாம்பிராணிப் புகை தன்ரபாட்டில போகும். நிலத்தைப் பாரும், மூலைப் பக்கம் சரிச்சு வாய்க்கால் விட்டிருக்கு, அபிஷேகத் தண்ணி ஓட. மேல பாத்தீரே? நடுவில கொழுக்கி! தூண்டாமணி விளக்குக்கெண்டே அடிச்சு வைச்சிருக்கிறான் வெள்ளைக்காரன்."

வதனா கொழுக்கியைப் பார்த்தார். பிறகு, கையை விரித்துக்கொண்டு நின்ற கணவனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, வாறன். ஆனா இதுக்குள்ள ஆரை வைக்கிறதெண்டு நான்தான் சொல்லுவன்."

சிவபாதசுந்தரம் ஒரு பிள்ளையாரை வாங்கி ஆயத்தமாக வைத்திருந்தார். வதனா அந்தப் பிள்ளையாரைக் குசினியில் அடுப்பு மூலையில் இருத்திவிட்டு, அந்தக் கல் அறைக்குள் ஒரு சூலத்தை நட்டு வைரவரைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் வைரவருக்கு வடைமாலை சாத்தப்பட்டது. வடை வாய்க்குள் போய்க்கொண்டிருந்ததால் சிவபாதசுந்தரமும் ஏன் எதற்கென்று கேட்கவில்லை.

அடுத்த கோடையில்தான் இடி விழுந்தது. வைக்கோல் கட்ட வந்த பக்கத்துப் பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உங்கள் இறைச்சி அறைக்குள் ஏன் எப்போதும் விளக்கு எரிகிறது?"

முழுவதையும் அவரே சொன்னார். பழைய ஆட்கள் வாராவாரம் ஒரு ஆட்டை அடித்து அந்தக் கொழுக்கியில்தான் தொங்கவிடுவார்களாம். கம்பிவலை ஈ, இலையான் வராமல் இருக்க. சரிந்த தரையும் வாய்க்காலும் இரத்தம் கழுவிவிட.

சிவபாதசுந்தரம் வைக்கோல் கட்டின்மேல் அப்படியே இருந்துவிட்டார். வதனாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே பெட்டி கட்டிவிடுவார். அவர் போனால் இந்தப் பண்ணையில் என்ன இருக்கிறது? வெறும் தகரக் கொட்டில்கள்தான். பனியில் பட்டுப்போகும் முருங்கையை மறுபடி மறுபடி நட்டு, ஒவ்வொரு முறையும் வதனாவிடம் பேச்சு வாங்குவதில்தான் அவருடைய சந்தோஷமே இருந்தது. அதை இழக்க அவருக்குப் பயமாக இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

பொத்திய வாய்க்கு இந்த வருடம் சோதனை வந்தது, மார்கரெட் என்ற பெயரில். பண்ணையின் பழைய சொந்தக்காரரின் மகள். எண்பதை நெருங்குகிறவர். பிறந்த வீட்டை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று தொலைபேசியில் கேட்டார். சிவபாதசுந்தரம் சாட்டுச் சொல்லித் தட்டிக்கழிப்பதற்குள் வதனா, "ஓம், தாராளமா வரச் சொல்லுங்கோ," என்றுவிட்டார்.

மார்கரெட் தம்பி கெவினையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தார். சிவபாதசுந்தரம் இருவரையும் பின்பக்கம் திரும்பவிடாமல் பண்ணையெல்லாம் சுற்றிக் காட்டினார். கம்பளிக் கொட்டகையில் அறுவடைக் கால நடனத்தில் சிறுவன் கெவின், பாதிரியாரின் பியரைக் குடித்துவிட்டுக் கம்பளி மூட்டைக்குள் நித்திரையாகிப் போனதை மார்கரெட் சொன்னார். பால் கறக்கும் கொட்டிலில், வீட்டில் தங்கியிருந்த வாத்தியாரை ஒரு காளைக் கன்றோடு சேர்த்துப் பூட்டியதைக் கெவின் சொன்னார். ஒவ்வொரு கட்டிடத்துக்கும் ஒரு குழப்படி இருந்தது. சிவபாதசுந்தரத்தால் ஒன்றுக்கும் மனம் விட்டுச் சிரிக்க முடியவில்லை.

கெவின் ஒதுங்கிய நேரம் பார்த்து, தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே மார்கரெட்டிடம் உண்மையைக் கக்கினார். "தயவுசெய்து மனைவிக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்."

மார்கரெட் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இதே தாங்கிக்குக் கீழே நின்றுதான் அப்பாவின் புகையிலையைத் திருடிப் புகைப்பேன். சாகும்வரை அவருக்குத் தெரியாது. பயப்படாதீர்கள்."

அதற்குள் வதனா வந்துவிட்டார், கையில் வடைத்தட்டோடு. "புறப்படும் முன் சாமியறையைப் பார்த்துத் திருநீறு பூசிக்கொண்டு போகவேண்டும்," என்று அழகான ஆங்கிலத்தில் சொல்லி முன்னால் நடந்தார். சிவபாதசுந்தரம் பின்னால் ஓடினார்.

வாசலில் நின்று கெவின் அண்ணாந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "மார்கரெட், அப்பாவின் கொழுக்—"

மார்கரெட் அவருடைய காலை ஓங்கி மிதித்தார். கெவின் போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த காகம் பறந்தது.

"இங்கேதான் அம்மா பூ உலர்த்துவார்," என்றார் மார்கரெட், முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல். "அந்தக் கொழுக்கியில் லாவெண்டர்க் கட்டுகள் தொங்கும்."

நொண்டிக்கொண்டே கெவினும் தலையாட்டினார். "நல்ல வாசமாய் இருந்திருக்கும்," என்ற வதனா, இருவர் நெற்றியிலும் திருநீறு பூசி, மார்கரெட்டின் கையில் மட்டும் ஒரு வடையைக் கூடுதலாக வைத்தார்.

கார் வாசல் கேற்றைத் தாண்டிப் போனது. சிவபாதசுந்தரம் விட்ட பெருமூச்சு முடியவில்லை. வதனா சாமியறை விளக்குக்கு எண்ணெய் விட்டபடி சொன்னார்:

"லாவெண்டராம்."

சிவபாதசுந்தரம் வடைத்தட்டை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தார்.

"வந்த கிழமையே அந்தக் கொழுக்கியைச் சீயாக்காய் போட்டுக் கழுவினனான். தேய்க்கத் தேய்க்கக் கொழுப்பு. லாவெண்டரில ஏதப்பா கொழுப்பு?"

"அப்ப... உமக்குத் தெரியுமே?"

"கொழுக்கியைப் பார்த்த முதல் நாளே தெரியும். நீங்கள் கையை விரிச்சுக்கொண்டு நிண்ட நிலையைப் பார்த்தன். கலியாணம் கட்டின காலந்தொட்டு அப்பிடியொரு சந்தோசத்தை நான் உங்கட முகத்தில கண்டதில்லை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை." எண்ணெய்க் கையைத் துடைத்தார். "அதுதான் வைரவரை வைச்சனான். அவர் ஊரில கிடாய் வெட்டுற வேள்வியெல்லாம் கண்ட ஆள். இதுக்கெல்லாம் கோவிக்கமாட்டார்."

சிவபாதசுந்தரத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல், "அப்ப பிள்ளையார்?" என்று கேட்டார்.

வதனா குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவருக்கு இன்னும் தெரியாது. நீங்கள் போய்ச் சொல்லிப் போடாதேங்கோ."